திரும்பும்போது மட்டும்

ஆஸ்பத்திரிச் சந்திலிருந்து கார் இடப்பக்கம் ஒடித்துப் பெரிய ரோட்டில் ஏறியபோது, எங்கோ அடியில் யாரோ விரல்களைச் சொடக்கு எடுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. முருகலட்சுமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே பந்தல்குடி பஸ் அடைத்துக்கொண்டு வந்தது, வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது, ஸ்டியரிங்கைப் பிடித்த உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. காரை நேராக்கியதும் சத்தம் நின்றது. பின்சீட்டில் சாய்ந்து கிடந்த அவள் புருஷன் தவசி கண்ணைத் திறந்தான்.

“கேட்டியா லச்சுமி?”

“எதுவோ கல்லு ஏறுனாப்புல இருந்துச்சு.”

“கல்லு இல்ல. அடுத்த முக்குல பீச்சாங்கைப் பக்கம் ஒடிச்சுக் காட்டு.”

பெட்ரோல் பங்கைத் தாண்டி ஒரு தெருவுக்குள் இடப்பக்கம் ஒடித்தாள். மறுபடியும் அதே சொடக்கு. நிதானமாக, ஒவ்வொரு விரலாக. வலப்பக்கம் ஒடித்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. கண்ணாடியில் தவசியின் முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்த முகம். ஆனால் அந்த நேரத்தில் அவன் கண்களில் பழைய டிரைவரின் கவனம் வந்திருந்தது. ஆக்ஸில் ஜாயிண்ட் போய்விட்டது என்றான். இடப்பக்கம் ஒடிக்கையில் வண்டியின் பாரமெல்லாம் வலப்பக்கம் சாயும், அதனால் கோளாறு வலது வீலில்தான் இருக்கும், வீரணனிடம் விட்டால் ஒரு பொழுதில் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்தக் கார் தவசியுடையது. சிறுநீரகம் இரண்டும் கெடுவதற்கு முன் அதை வைத்துத்தான் வாடகைக்கு ஓட்டினான். ராமேஸ்வரம், திருச்செந்தூர், மதுரை ஏர்போர்ட் என்று பகல் இரவு பார்க்காமல் சுற்றியவன். பழைய டீசல் வண்டி, வெள்ளை பெயிண்ட் வெயிலில் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. அவன் படுத்த பிறகு முருகலட்சுமி நூல் மில் வேலையை விட்டுவிட்டு, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் பரளச்சிப் பக்கத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு அவனை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். ஆரம்பத்தில் பஸ்ஸில்தான் போனார்கள். ஒருநாள் படியில் காலை வைத்தவன் அப்படியே பின்னால் சாய்ந்தான். தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருந்ததால் மண்டை தப்பியது. அதோடு பஸ் முடிந்துபோனது. ஊரில் வேறு வண்டி கிடையாது. அந்தக் கார் நடுவழியில் வீல் கழன்று நின்றால், இருபக்கமும் சீமைக் கருவேலும் வெறும் கரிசலுமாய்க் கிடக்கிற அந்த ரோட்டில், உடம்பில் தண்ணீர் கட்டி மூச்சு முட்டுகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை இந்த யோசனைதான் அவள் நெஞ்சில் கிடந்து அடித்தது. ஊர் முக்கில் இடப்பக்கம் ஒடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். சொடக்கு கேட்டது.

அடுத்த முறை தவசியை மிஷினில் படுக்கவைத்துவிட்டு, காரைத் திருச்சுழி ரோட்டிலிருந்த வீரணன் பட்டறைக்கு விட்டாள். வீரணன் தவசியோடு ஒன்றாக லோடு வண்டியில் கிளீனராக இருந்தவன். அவளை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிக் காதை வெளியே நீட்டிக்கொண்டு வந்தான். இடம், வலம், மறுபடி இடம். ஒரு சத்தமும் இல்லை. இருந்தாலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, வலது வீலைக் கழற்றிப் பார்த்தான். ஜாயிண்டின் ரப்பர் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தது. இதுதான் காரணம் என்று புதிது மாட்டிவிட்டான். முருகலட்சுமிக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

மத்தியானம் தவசியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து பின்சீட்டில் இடப்பக்கம் உட்காரவைத்தாள். எப்போதும் அந்தப் பக்கம்தான். அங்கே இருந்தால்தான் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். சந்து முனையில் இடப்பக்கம் ஒடித்தாள்.

சொடக்கு போயிருந்தது. அதற்குப் பதிலாக ஓர் இழுவை. நனைந்த மூட்டையை ரெக்ஸின் சீட்டின் மேல் வைத்து மெதுவாக இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை நகர்ந்து வந்து, அவள் முதுகுக்கு நேர் பின்னால், கதவில் ‘தொம்’ என்று மிருதுவாக முட்டி நின்றது.

காரை ஓரங்கட்டி இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். சீட் காலியாக இருந்தது. தவசி மட்டும் இடப்பக்க ஓரத்தில், கதவோடு கதவாக ஒண்டி, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“ஏங்க, எதுக்கு இப்டி ஒடுங்கி உக்காந்திருக்கீக?”

“அந்தப் பக்கம் வெயிலடிக்குது.”

வெயில் அவன் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவன் தொடையில், கழுத்தில், வெடித்த உதட்டில். அவள் கதவைச் சாத்தினாள்.

மறுபடியும் பட்டறைக்கு விட்டபோது வீரணன் சளைக்காமல் பார்த்தான். வீலைத் தூக்கி மேலும் கீழுமாக ஆட்டினான், பக்கவாட்டில் ஆட்டினான், சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். பேரிங் நன்றாக இருந்தது. ஷாக் அப்ஸார்பரின் தலையில் இருக்கும் ரப்பரை மாற்றினான். டிக்கியில் ஸ்டெப்னி ஆடுகிறதா என்று பார்த்து இறுக்கிக் கட்டினான். கடைசியில் காருக்குப் பின்னால் தள்ளிப்போய்க் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தான்.

“சோத்தாங்கைப் பக்கம் பின்னாடி உக்காந்திருச்சேக்கா. வெயிட்டான ஆளு யாராச்சும் அந்தப் பக்கமே ஏறுறாகளா?”

அவுகளைத் தவிர யாரும் ஏறுவதில்லை, அவுகளும் இடப்பக்கம்தான் உட்காருவாக என்று அவள் சொன்னாள். தவசியின் உடம்பு இப்போது எவ்வளவு இருக்கும் என்பது வீரணனுக்கும் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு அவன் வேறு பேச்சுக்குப் போனான்.

அதற்கடுத்த வாரம் சத்தம் மறுபடியும் மாறியது. தளும்பியது. இடுப்பில் வைத்த நிறைகுடம் நடைக்கு நடை தளும்புமே, அதுபோல, ஆனால் இன்னும் கனமாக, இன்னும் கொழகொழப்பாக. ஒவ்வொரு இடப்பக்க ஒடிப்பிலும் பின்னாலிருந்து புரண்டு வந்து அவள் சீட்டின் முதுகில் மோதி, கொஞ்ச நேரம் அங்கேயே அலைந்து அடங்கியது. கூடவே ஒரு வாசம். மாசி போய்ப் பங்குனியும் முடியப்போகிறது. ஊர்க் கம்மாய் பாளம்பாளமாய் வெடித்துக் கிடக்கிறது, தைக்குப் பிறகு ஒரு பொட்டு மழை இல்லை. காருக்குள் ஈரச் சேற்று வாசம் அடித்தது.

கதவின் அடியில் ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, திரும்பும்போது தளும்பும் என்று வீரணன் சொன்னான். சொல்லும்போதே மழை எங்கே பெய்தது என்று அவனுக்கே சந்தேகம். வலப்பக்கப் பின்கதவின் உள்பலகையை ஸ்குரூவைக் கழற்றி எடுத்தான். உள்ளே இருந்து கரிசல் தூசி பொலபொலவென்று அவன் காலில் கொட்டியது. விரலை விட்டுத் துழாவி எடுத்துக் காட்டினான். காய்ந்த தூசி. கருவேல இலை ஒன்று. அவ்வளவுதான்.

“அக்கா, எனக்கு ஒரு தடவகூடக் கேக்கலக்கா,” என்றான். அவளைப் பொய்க்காரி என்று சொல்கிற குரல் இல்லை அது. பயந்த குரல்.

அன்றைக்குத்தான் அவள் யோசித்தாள். பட்டறைக்கு வரும்போது கேட்பதில்லை. காலையில் ஊரிலிருந்து வரும்போதும் கேட்பதில்லை. அடுத்த முறை காலையில் வேண்டுமென்றே கண்ட கண்ட தெருவிலெல்லாம் இடப்பக்கம் ஒடித்துக்கொண்டே வந்தாள். பின்னால் தவசி, வயிறும் முகமும் வீங்கி, மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தான். கார் மௌனமாக வந்தது. அவனை இறக்கிவிட்டு, தனியாகப் பஸ் ஸ்டாண்டைச் சுற்றினாள். மௌனம். மத்தியானம் அவனை ஏற்றிக்கொண்டு சந்து முனைக்கு வந்தாள். தளும்பல்.

“திரும்புறப்ப மட்டுந்தான் லச்சுமி,” என்றான் தவசி பின்னாலிருந்து. வண்டி திரும்புவதைச் சொல்கிறானா, வீடு திரும்புவதைச் சொல்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

டயாலிசிஸ் வார்டில் துர்காதேவி என்ற நர்ஸ் இருந்தாள். நல்ல பெண். தவசியை எடை பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் சிரித்த முகமாகச் சொல்வாள், இன்றைக்கு நன்றாக எடுத்தாயிற்று, மூன்று லிட்டர் தண்ணீர், வயிறு எப்படி இறங்கிவிட்டது பாருங்கள் என்று. அந்த வார்த்தையைக் கேட்டால் முருகலட்சுமிக்கு முன்பெல்லாம் மனது குளிரும். இப்போது அவள் வேறொன்றைக் கவனித்தாள். குறைவாக எடுத்த நாளில் சத்தம் லேசாக இருந்தது. நிறைய எடுத்த நாளில் கார் வலப்பக்கம் சாய்ந்தே ஓடியது. மிஷினிலிருந்து அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாள் துர்காதேவியிடம் கேட்டாள். இதென்ன கேள்வி, சாக்கடைக்குப் போகிறது என்றாள் அவள்.

நாலு வீலுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினாள். கோயில் திருநீற்றைச் சீட்டில் தூவினாள். சாயங்காலம் பார்த்தபோது வலப்பக்கம் அது குழைந்து பசையாகியிருந்தது. பக்கத்து ஊர் வேன்காரரிடம் கெஞ்சிப் பார்த்தாள். பருத்தி லோடு நேரம், வார நாளில் முடியாது என்று அவர் கைவிரித்தார். ஒரு முறை போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். போன வருஷம் அப்படி ஒரு முறை தவறியதில் தவசி உதடு நீலம் பாரித்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் விடியும்வரை கத்தியது காதுக்குள் இருந்தது. போகாமல் இருக்க முடியாது. போனால் திரும்பாமல் இருக்க முடியாது.

தவசி பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒருநாளைக்கு ஒரு சின்னச் செம்புத் தண்ணீர்தான் அவனுக்கு அளவு. அதை வாயில் வைத்து நனைத்து நனைத்துப் பொழுதை ஓட்டுவான். ஒரு சாயங்காலம் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற காரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி அவன் சொன்னான்:

“தாகத்துல எனக்கு அப்டித் தோணுதோ என்னமோ. பக்கத்துல தண்ணி இருக்கு லச்சுமி. குளுகுளுன்னு இருக்கு. ஒவ்வொரு திருப்பத்துலயும் என்னைய இழுக்குது. வாய வச்சு உறிஞ்சணும்போல வருது. அதான் கைப்பிடியப் பிடிச்சுக்கிடுறேன்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள், வழக்கத்தைவிட அதிகமாக எடுத்திருப்பதாகத் துர்காதேவி சொன்னாள். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வழியில் மயக்கம் வந்தால் படுக்கவைத்துக் காலைத் தூக்கிவையுங்கள், சரியாகாவிட்டால் உடனே திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றும் சொல்லியனுப்பினாள். தவசி நாற்றுக்கட்டுபோல அவள் கையில் தொங்கிக்கொண்டு வந்தான். கார் கிளம்பியதிலிருந்தே வலப்பக்கம் அழுந்தி, வீல் மேல் தகரம் உரசியது. ரோடு லேசாக இடப்பக்கம் வளைந்தாலே போதும், பின்னால் அத்தனையும் புரண்டு வந்து அவள் சீட்டை முன்னுக்குத் தள்ளியது. ஸ்டியரிங் நடுங்கியது. இந்த வீல் இன்றைக்கு ஊர் போய்ச் சேராது என்று அவளுக்குத் தோன்றியது. ஆள் இல்லாத ரோடு. கானல் மட்டும் முன்னால் ஓடியது.

“கம்மாய்க்குள்ள எறக்கு,” என்றான் தவசி. “வட்டம் போட்டுப் பாப்போம். நான் வெளிய இருந்து கேக்குறேன். உள்ள இருந்தா எங்கிட்டுனு தெரியாது.”

வீரணனும் இதைச் சொல்லியிருந்தான். திறந்த வெளியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துச் சுற்றிச் சுற்றி ஓட்டினால், வெளியே நிற்கிறவனுக்கு எந்த வீல் என்று பிடிபட்டுவிடும் என்று. ஆனால் தவசியின் குரலில் இருந்தது வேறு. எப்படியாவது அந்தக் காரைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று இருந்தது அது.

கரையின் உடைப்பு வழியாகக் காரை இறக்கினாள். கம்மாய் காய்ந்து பரந்து கிடந்தது. சுற்றிலும் கருவேலம் புதர், அதற்கு மேல் கரை, அதற்கு மேல் வெளிறிய வானம். பொழுது மேற்கே சாய்ந்திருந்தாலும் சூடு தரையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் காத்திருக்க டிக்கியில் வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து நடுவில் போட்டு, தவசியைத் தூக்கிவந்து உட்காரவைத்தாள். தலையில் துண்டைப் போட்டாள். அவன் அவள் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான்.

“மெதுவாப் போ. கண்ணாடியப் பாக்காத,” என்றான்.

காரில் தனியாக ஏறி, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தாள். கார் அவனைச் சுற்றி நகர ஆரம்பித்தது. காய்ந்த சேற்றுப் பாளங்கள் டயருக்கடியில் அப்பளம்போல நொறுங்கின. எங்கோ ஒரு காடை கத்தியது. எஞ்சின் சத்தம். வேறு ஒன்றுமில்லை. ஒரு சுற்று முடிந்தது. நாற்காலியில் தவசி காதுக்குப் பின்னால் கையைக் குவித்துவைத்துக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பி அவளையே பார்த்திருந்தான். அவன் இல்லாவிட்டால் சத்தம் இல்லை. அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது; வந்த வேகத்தில் அதன் மேலேயே ஓர் அருவருப்பும் வந்தது.

இரண்டாவது சுற்றின் பாதியில் சேற்று வாசம் வந்தது.

பிறகு முதுகுக்குப் பின்னால் சீட் அமுங்கியது. தளும்பல் இல்லை. ஒரு ஆள் வசதியாக நகர்ந்து உட்காருகிற சத்தம். ரெக்ஸின் கிறீச்சிட்டது. யாரோ மூச்சு விட்டார்கள். நீண்ட, நிறைந்த, ஈரமான மூச்சு. அவள் பிடரி முடி குளிர்ந்து ஒட்டிக்கொண்டது.

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். நடுவில் இருந்த தவசியைப் பார்த்தாள்.

தவசி எழுந்து நின்றிருந்தான். தானாக எழுந்து நிற்க முடியாதவன். துண்டு கீழே விழுந்து கிடந்தது. அவன் பார்வை அவள் மேல் இல்லை. அவளுக்குப் பின்னால், திறந்த ஜன்னலில் இருந்தது.

பிரேக்கை மிதித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அவன் நாற்காலியில் சரிந்துவிட்டான். உடம்பு பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்து வியர்த்திருந்தது. நாடி நூலாக ஓடியது.

“பாத்தேன்,” என்றான்.

“என்னத்தப் பாத்தீக?”

“என்னையத்தான். அங்க நல்லா இருக்கேன் லச்சுமி. நல்லா இருக்கேன்.”

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்தது பயமா ஆசையா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் கண் மேலே செருகியது. தரையில் படுக்கவைத்துக் காலை நாற்காலி மேல் தூக்கிவைத்தாள். கன்னத்தில் தட்டினாள். போனை எடுத்தாள், கம்மாய்க்குள் டவர் இல்லை. கரை வரை ஓடிப்போய்ப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. ரோட்டில் இரண்டு பக்கமும் ஒரு ஆடு மேய்க்கிறவர்கூட இல்லை. திரும்பி ஓடிவந்தபோது அவன் உதடு நிறம் மாறியிருந்தது. மூச்சு எண்ணி எண்ணி வந்தது.

கம்மாயின் நடுவில் கார் எஞ்சின் ஓடியபடி நின்றது. டிரைவர் கதவு திறந்து கிடந்தது. வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு அவனைத் தூக்கினாள். வேறு வழி கிடையாது. அவனைச் சாகவிட்டுவிட்டு நடந்து போகலாம், அல்லது அதில் ஏற்றலாம். இரண்டுதான்.

முதலில் முன்சீட்டில் வைத்துப் பார்த்தாள். கழுத்து நிற்காமல் சரிந்து கியர் மேல் விழுந்தான். துண்டால் கட்டிப் பார்த்தாள், நழுவினான். கடைசியில் இடப்பக்கப் பின்கதவைத் திறந்தாள். கண்ணை உயர்த்தாமல், தரையை மட்டும் பார்த்துக்கொண்டு, அவனை உள்ளே தள்ளி ஓரமாகச் சுருட்டிப் படுக்கவைத்தாள். அந்தக் கோடியில் சீட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கால்மிதியின் மேல் இரண்டு வெறும் பாதங்கள் இருந்தன. ஊறி வெளுத்த பாதங்கள்.

“தள்ளிக்கோங்க,” என்றாள் அவள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. “அவுகளத் தொடாதீக. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

தவசியின் கையைத் தூக்கி மேலே கைப்பிடியில் மாட்டினாள். விரல்கள் தாமாகவே பிடித்துக்கொண்டன.

கம்மாயைவிட்டு நேராக ஏறினாள். சத்தம் இல்லை. உடைப்பின் வழியாகக் கரை ஏறி ரோட்டின் விளிம்புக்கு வந்தாள். நிறுத்தினாள். வலப்பக்கம் ஒடித்தால் ஊர். அங்கே ஒன்றும் இல்லை, தாள் போட்ட வீடு மட்டும்தான். இடப்பக்கம் ஒடித்தால் டவுன், ஆஸ்பத்திரி, மிஷின், துர்காதேவி. ரோடு இருபக்கமும் ஈயம் பூசியதுபோலக் கிடந்தது. யாராவது வந்துவிடமாட்டார்களா என்று பார்த்தாள். யாரும் வரவில்லை.

“தாகமா இருக்கு,” என்றது பின்னால் தவசியின் குரல். உலர்ந்த குரல். அவனுடையது.

“ஆஸ்பத்திரி போயிருவோம். தண்ணி தாரேன். ஒரு செம்பு தாரேன். பிடிச்சுக்கோங்க. கைப்பிடிய விட்டுறாதீக.”

“லச்சுமி.”

“விட்டுறாதீக.”

கிளட்சைப் பாதி விட்டாள். நடப்பவன் வேகம்கூட இல்லை. ஸ்டியரிங்கை விரற்கடை விரற்கடையாக இடப்பக்கம் சுற்றினாள். கார் சாய்ந்தது.

கைப்பிடி ‘டக்’ என்று மேலே போய் அடித்தது. அவன் விட்டுவிட்டான்.

சருகு ஒன்று சீட்டின் மேல் நகர்வதுபோல ஒரு சத்தம். அவ்வளவு லேசாக. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம். நின்றது.

உறிஞ்சும் சத்தம்.

மடக். மடக். மடக்.

மூச்சு வாங்காமல். நிறுத்தாமல்.

அவள் ரோட்டுக்கு வந்துவிட்டாள். காரை நேராக்கினாள். எல்லாம் அடங்கியது. தகரம் உரசவில்லை. சேற்று வாசம் இல்லை. கார் இரண்டு பக்கமும் மட்டமாக, புது வண்டிபோல ஓடியது. அவள் கை தானாக மேலே போய்க் கண்ணாடியைப் பிடித்தது. வேண்டாம் என்று நினைத்தாள். திருப்பினாள்.

அவளுக்குப் பின்னால் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். கன்னம் நிறைந்து, தோள் அகன்று, நெற்றியில் ஈர முடி ஒட்டி, நோய் என்றால் என்னவென்றே தெரியாத தவசி. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டி மார்பில் வழிந்துகொண்டிருந்தது. இடப்பக்க ஓரத்தில் தவசியின் சட்டையும் கைலியும் தட்டையாகக் கிடந்தன. சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டபடி இருந்தது.

“பாத்தியா, இப்பச் சத்தம் இல்ல,” என்றான் அவன். “வீட்டுக்குத் திருப்பு.”

பிறகு அந்தச் சட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டான்.